இலங்கை மலைநாட்டில் எட்டு நாட்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஊர்கள் உண்டு. தமிழ்நாட்டில் பூர்விக ஊர் ஒன்று; உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ வந்து குடியேறிய ஊர் மற்றொன்று. தென்கன்னட மாவட்டத்தில் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து மங்களூருக்கு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மூன்றாவது ஊர் ஒன்றும் இருக்கிறது. அது கடலுக்கு அப்பால், இலங்கையின் தேயிலை மலைகளில் இருக்கிறது. எங்கள் தந்தையாரும் தாயாரும் பிறந்ததும், அகரம் எழுதக் கற்றதும் அந்த மலைகளிலேயே.

2024ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், பெற்றோர் இருவரையும் குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு நாங்கள் ஆறு பேராக அங்கே சென்று எட்டு நாட்கள் தங்கி வந்தோம். அந்நாட்டில் காணத்தக்க ஸ்தலங்கள் அநேகம். அவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்கள் பிரயாணத்தின் நோக்கம் இரண்டு பள்ளிக்கூடங்களைப் பார்ப்பதும், தந்தையாரின் தமக்கையைக் காண்பதுமே ஆகும்.

பிரிந்த விதம்

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வரலாறு தெரியாதாகையால் சுருக்கமாகச் சொல்வது அவசியமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், அவை நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடே மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். வழியில் மாண்டவர் பலர். அதன் நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் ஒரு நடைப்பயணம் மேற்கொண்டனர்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆயினர். பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் தேதி, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது ஏற்பாடு. அந்த எஞ்சியவர்களை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. காகிதத்தில் கணக்கு நேராயிற்று. ஆனால் ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பத்தில் அண்ணன் ஒரு கணக்கிலும் தங்கை மற்றொரு கணக்கிலும் விழுந்தனர்.

எங்கள் பாட்டனார் இந்தியாவுக்கு மனுச் செய்தார். தந்தையாரின் மூத்த சகோதரியாகிய எங்கள் அத்தையோ அப்போதே மணமானவர். அவருடைய கணவர் குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. ஆகவே 1975இல், தந்தையாருக்குப் பதினைந்து வயது நடக்கையில், அத்தை ஒருவர் நீங்கலாக மற்றவர் அனைவரும் தலவாக்கலை நிலையத்தில் வண்டி ஏறினர். தலைமன்னார்த் துறையில் கப்பல், இராமேசுவரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் சில நாட்கள், பிறகு சுள்ளியாவின் ரப்பர்க் காடு. மலைநாட்டில் இரயிலுக்குக் 'கோச்சி' என்று பெயர். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்களாம். இரயில்வேயில் வேலை பார்க்கும் எங்களுக்கு வண்டிகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். இதைப்போல் ஒரு பெயரை வேறெங்கும் கேட்டதில்லை.

அந்தக் கப்பல் வழி இப்போது இல்லை. 1980களில் உள்நாட்டுப் போர் மூண்டபின் அது நின்றுவிட்டது. போரில் அழிந்த தலைமன்னார் இருப்புப்பாதையை நம் நாட்டு இர்கான் நிறுவனத்தார் மீண்டும் அமைத்துக் கொடுக்க, 2015இல் அது திறக்கப்பட்டது. துறைவரை தண்டவாளம் வந்திருக்கிறது. ஏறுவதற்குக் கப்பல்தான் இல்லை.

மலை ஏறும் கோச்சி

மங்களூர் மெயிலில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் கொழும்பை அடைந்தோம். எங்களுடைய இரயில்வே பாஸ் கடல் தாண்டாது என்பதனால் அப்பால் எல்லாம் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டே. வெசாக் பண்டிகை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வீடுகளிலும் கடைகளிலும் காகிதக் கூடுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. குழந்தைகளுக்கு அது பெரு மகிழ்ச்சி அளித்தது.

மறுநாட் காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் 'உடரட்ட மெனிக்கே' என்னும் வண்டியில் அமர்ந்தோம். மலைநாட்டு மங்கை என்பது அதன் பொருள். இலங்கை இருப்புப்பாதையின் அகலமும் நம்முடையதைப் போலவே ஐந்தடி ஆறங்குலம். காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே வெள்ளையர் இட்ட பாதை இது. 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டியது.

ரம்புக்கனை தாண்டியதும் ஏற்றம் ஆரம்பமாகிறது. ஏறத்தாழ 45 அடி ஓடினால் ஓர் அடி உயர்கிறது. எங்கள் சுப்பிரமணியா – சக்லேஷ்பூர் மலைப்பாதையில் 57 சுரங்கங்கள் உண்டு. ஏற்றம் 50க்கு 1. அதையே பெரிதென்று எண்ணியிருந்த எங்களுக்கு, அகலப் பாதையில் இத்தனை கடும் வளைவுகளோடு இவ்வளவு செங்குத்தாக ஏறுவது வியப்பாக இருந்தது. ஒற்றைப் பாதையாகையால் நிலையத்துக்கு நிலையம் டிரைவரின் கையில் வளையத்தில் மாட்டிய டேப்லெட் கொடுத்து வாங்குகிறார்கள். கை போன்ற பழைய சிக்னல்களும் பல இடங்களில் இயங்குகின்றன. பழைய முறைகளை மறவாமல் பேணும் அந்த ஊழியர்களைக் கண்டு மனம் நெகிழ்ந்தது. ஒரு நிலையத்தில் நாங்கள் யார் என்று சொன்னவுடன், அங்கிருந்த சிங்கள ஊழியர் ஒருவர் டேப்லெட் கருவியைக் காட்டி விளக்கினார். தொழில் ஒன்றானால் மொழி ஒரு தடையன்று.

நிலையப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று எழுத்திலும் இருக்கின்றன. பள்ளியில் கன்னடம் படித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்து வகுப்பில் தமிழ் கற்கும் எங்கள் மகள், ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள். சிங்கள எழுத்தின் வட்டங்கள் கன்னடத்தைப் போல் இருக்கின்றன என்றும் கண்டுபிடித்தாள். ஹட்டனைக் கடந்து சிங்கமலைச் சுரங்கத்துள் வண்டி நுழைந்ததும், அறுபத்து நான்கு வயதுத் தந்தையார் வாயில் கைவைத்து ஊளையிட்டார்! பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தபின் அவர் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்து, நாள்தோறும் இதே கோச்சியில் சென்று வந்தவர். (அங்கே உயர்நிலைப் பள்ளியையும் கல்லூரி என்றே வழங்குகின்றனர்.) சுரங்கத்துக்குள் கத்தாத மாணவன் அந்நாளில் இல்லையாம். அடுத்த சுரங்கத்தில் பேரனும் பேத்தியும் அவரோடு சேர்ந்துகொண்டனர். தாயார் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

தலவாக்கலையை நெருங்கும்போது செயின்ட் கிளேர் அருவி தெரியும் என்று தந்தையார் சன்னலைவிட்டு அகலவில்லை. அருவி தெரிந்தது, ஆனால் மெலிந்து காணப்பட்டது. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் நிறைவேறிய பிறகு நீரின் பெரும்பகுதி அங்கே திருப்பப்படுகிறது. "நான் பார்த்தது இது இல்லே" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

தந்தையாரின் பள்ளி

தலவாக்கலையிலிருந்து ஆட்டோவில் தோட்டத்துக்குச் சென்றோம். மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்தன. மலை முழுவதும் இடுப்பளவு உயரத்துக்குத் தேயிலைச் செடிகள். அவற்றினிடையே இடுப்பில் படங்கு கட்டி, தலையிலிருந்து கூடையைத் தொங்கவிட்டுக் கொழுந்து பறிக்கும் பெண்கள். லயத்துக்கு மேலே ஒரு மேட்டில் பள்ளி இருந்தது.

தந்தையார் படித்த நாளில் அது தோட்டத்தின் பள்ளி. தகரக் கூரையிட்ட ஒரே கூடம். ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே வாத்தியார். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணும் தப்புச் சத்தமே பிள்ளைகளுக்கும் எழும் மணி. 1970களில் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் ஏற்கத் தொடங்கியபின், இப்போது அது தமிழ் வித்தியாலயமாக இருக்கிறது. பழைய கூடம் அப்படியே நிற்க, பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடமும் எழுந்துள்ளது. முன்பு வாத்தியார் வெளியூரிலிருந்து வருவார்; இன்று பாடம் சொல்பவர்களில் பலர் அந்த மலைகளிலேயே பிறந்த பிள்ளைகள். எங்களை வரவேற்ற அதிபரும் ஒரு கொழுந்து பறித்த தாயின் மகளே. (தலைமை ஆசிரியரை அங்கே அதிபர் என்பர்.)

"நீங்க இங்க படிச்சீங்களாய்யா? உள்ளே வாங்க, இது உங்க ஸ்கூல்தானே" என்றார் அந்த அம்மையார். தந்தையார் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டே கூடத்துக்குள் சென்றார்.

அலமாரியிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றை எடுத்துத் தூசி தட்டி வைத்தார்கள். 1966ஆம் ஆண்டுப் பக்கத்தில் தந்தையாரின் பெயர் இருந்தது. தகப்பனார் பெயர், பிறந்த தேதி, லயத்தின் எண் எல்லாம் நீல மையில். விலகிய காரணம் என்னும் கட்டத்தில், 'ஹட்டன் பாடசாலைக்கு' என்று எழுதியிருந்தது. அதைக் கண்டு நாங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கையில், அவருடைய விரல் கீழே இறங்கிச் சென்றுகொண்டிருந்தது. கீழே உள்ள பெயர்களுக்கு எதிரே அந்தக் கட்டத்தில் இருந்தது ஒரே சொல்: இந்தியா. அடுத்த பக்கத்திலும் இந்தியா. அதற்கடுத்த பக்கத்திலும் பாதிக்குமேல் இந்தியா.

ஒவ்வொரு பெயராக வாசித்தார். "இவன் கோத்தகிரியிலே தேயிலைக்குப் போனான். இவங்க கூடலூர். இந்தப் பிள்ளை குடும்பம் கேரளத்திலே புனலூர். இவன் அந்தமான் பக்கம் கச்சால் தீவுக்குப் போனவன். சுனாமிக்கு அப்புறம் தகவல் இல்லே." சில பெயர்களுக்கு அவரால் ஊர் சொல்ல முடியவில்லை. அப்பெயர்களின் மேல் விரலைச் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றார். அதிபர் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

சுள்ளியாவில் எங்களைச் 'சிலோன்காரர்' என்றே இன்றும் சொல்வார்கள். தந்தையாரும் தாயாரும் சிறுபிராயத்தில் இலங்கையில் இருந்தபோது அவர்களை 'இந்தியாக்காரர்' என்றார்களாம். இரண்டு நாடுகளும் மற்ற நாட்டின் பெயரையே அவர்களுக்குச் சூட்டின. அந்தப் பதிவேடு மட்டுமே, முன்னொட்டு எதுவும் இன்றி அவரை ஒரு மாணவனாக எழுதி வைத்திருந்தது. தந்தையார் அதை மூடியபின், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசுமாறு அதிபர் கேட்டுக்கொண்டார். "நான் இங்கே கத்துக்கிட்ட எழுத்தை வச்சுத்தான் அங்கே போய்ப் பிழைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகூப்பினார். அது மிகையன்று. ரப்பர்த் தோட்டத்தில் கூலிச் சீட்டையும் அரசாங்கக் கடிதத்தையும் வாசித்துச் சொல்ல, லயம் லயமாக ஆட்கள் அவரைத் தேடி வந்ததை நாங்கள் கண்டு வளர்ந்தோம்.

அத்தை வீடு

சில தோட்டங்களில் இந்திய உதவியால் கட்டப்பட்ட தனி வீடுகளைக் கண்டோம். அத்தை இருப்பது பழைய லயத்தில். இஸ்தோப்பு என்னும் சிறு முன்திண்ணை, ஒரு காம்பிரா, புகை படிந்த குசினி. அவ்வளவே. ஆனால் இஸ்தோப்பு ஓரத்தில் டின்களில் ரோஜாவும் டேலியாவும் பூத்திருந்தன.

நாற்பத்தொன்பது ஆண்டுகளாகக் கடிதத்திலும், பிற்காலத்தில் தொலைபேசியிலும் மட்டுமே பேசிக்கொண்டவர்கள் அவர்கள். அத்தை வாசலில் நின்று தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அப்பா மாதிரியே ஆயிட்டியே" என்றார். தந்தையார் "அக்கா" என்றவர், குனிந்து அவர் காலைத் தொட்டார். நாங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சிறிது நேரம் வெளியே நின்றோம்.

இரவு கோதுமை மா ரொட்டியும், இடித்த தேங்காய்ச் சம்பலும், பாலில்லாத தேத்தண்ணியும் கிடைத்தன. அந்த ரொட்டியின் ருசியை இங்கே எந்த உணவுச்சாலையிலும் காண முடியாது. அடுப்படியில் இருவரும் நள்ளிரவுவரை பேசினர். தம்பி இந்தியா போய்ச் சுகப்பட்டிருப்பான் என்று அத்தை நினைத்திருக்கிறார். பெரிய வீட்டோடு மலையிலேயே நின்றுவிட்ட அக்காள் பாக்கியசாலி என்று தம்பி நினைத்திருக்கிறார். இவர் முகாமையும் அட்டைக்கடியையும் சொன்னார். அவர் 1974ஆம் ஆண்டு உணவுப் பஞ்சத்தையும் 1983ஆம் ஆண்டுக் கலவரத்தையும் சொன்னார். யாருடைய சீட்டு நல்ல சீட்டு என்று அவர்கள் தீர்ப்புக் கூறிக்கொள்ளவில்லை. "உன் மவன் ரயில்வேயிலே இருக்கான், என் பேத்தி டீச்சரா இருக்கா, போதும் தம்பி" என்று அத்தை விளக்கை அணைத்தார்.

தாயாரின் பள்ளி

மூன்று நாட்களுக்குப்பின் மேலே ஹப்புத்தளைக்குச் சென்றோம். வழியில் பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், அந்நாட்டு நிலையங்களுள் மிக உயர்ந்ததாக இருக்கிறது. அதை அடுத்த சுரங்கத்தின் ஒரு முனையில் மழையும் மறு முனையில் வெயிலும் இருக்கக் கண்டு குழந்தைகள் கைதட்டினர். ஹப்புத்தளையோ மலைமுகட்டின் மேல் அமைந்த ஊர். தெற்கே கீழ்நாடு முழுவதும் விரித்த பாய்போல் தெரிகிறது. அருகிலுள்ள தம்பதென்ன தேயிலைத் தொழிற்சாலை, லிப்டன் துரை 1890இல் கட்டியது.

தாயார் பயின்றது நான்காம் வகுப்புவரையே. கைக்குழந்தையாயிருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு அக்காலத்தில் அது வழக்கம். 1978இல் அவர்கள் குடும்பம் இந்தியா வந்தது. அவர் படித்த கூடம் இன்று இல்லை. அந்த இடத்தில் புதிய கட்டடம் இருக்கிறது. பழைய பதிவேடுகளும் அங்கே இல்லை. தாயார் பின்புறம் சென்று பார்த்தார். கரிய கல்லில் வெட்டிய ஆறு படிகள் மட்டும் எஞ்சியிருந்தன. "இதுலதான் சிலேட்டைக் கழுவிக் காய வைப்போம்" என்று மூன்றாம் படியில் உட்கார்ந்துகொண்டார். மகள் தன் நோட்டைக் கொடுக்க, அதில் தம் பெயரைத் தமிழில் எழுதி, கீழே ஊரின் பெயரையும் எழுதினார். தாயார் கையெழுத்திடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். முழுதாய் ஒரு வரி எழுதியதைப் பார்த்தது அன்றுதான். பள்ளிப் பதிவேட்டில் கிட்டாத பெயர் இப்போது எங்கள் வீட்டு நோட்டில் இருக்கிறது.

செல்ல விரும்புவோர்க்கு

மலைநாட்டுக்கு எந்த மாதத்திலும் ஸ்வெட்டரும் குடையும் அவசியம். மே மாத இறுதியில் பருவமழை தொடங்கிவிடும். தோட்டங்களுக்குள் செல்லுமுன் அங்குள்ள உறவினர் மூலமோ பள்ளி மூலமோ சொல்லிவைத்துச் செல்வது நலம். 2025 நவம்பர் இறுதியில் 'திட்வா' புயல் கொணர்ந்த பெருமழையில் மலைகள் சரிந்து பலர் உயிரிழந்தனர். நாங்கள் சென்ற இருப்புப்பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஆகவே எதுவரை வண்டி ஓடுகிறது என்பதை விசாரித்துக்கொண்டே புறப்பட வேண்டும். அந்தப் புயலின்போது அத்தையின் லயத்துக்கு மேலும் மண் சரிந்தது. குடும்பத்தோடு அவர் பத்து நாட்கள் தங்கியது தந்தையார் படித்த அதே பள்ளிக்கூடத்தில்தான். தொலைபேசியில் அதைக் கேட்ட தந்தையார் அன்றிரவு நிம்மதியாக உறங்கினார்.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தியா என்ற ஒரு சொல்லோடு பள்ளிப் பதிவேட்டிலிருந்து விலக்கப்பட்டவர்கள் இன்று நீலகிரியிலும், கேரளத்திலும், ஆந்திரத்திலும், கர்நாடகத்திலும், அந்தமானிலும் முதியவர்களாக இருக்கிறார்கள். நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்த வாத்தியாரிடம் எழுத்துக் கற்றார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். போக முடிந்தவர்கள் ஒருமுறை போய் வாருங்கள். எந்த நாட்டுப் பிரஜை என்பதை ஒப்பந்தங்கள் தீர்மானிக்கலாம். எங்கே படித்தோம் என்பதை எந்த ஒப்பந்தமும் மாற்ற இயலாது.